கணக்கும் மனோதர்மமும்



இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பர்மிங்காம் என்று ஒரு தொழில் நகரம். இரும்பையும் எஃகையும் உருக்கி, அடித்து, வளைத்து உலகெங்கும் அனுப்பிய ஊர். 1960களின் நடுவில் அங்கே டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞர் தகட்டுப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துவந்தார். அவருக்குக் கிதார் வாசிப்பதில் தீராத மோகம். வாத்தியத்தையே நம்பிப் பிழைக்கலாம் என்று துணிந்து வேலையை விட்டுவிடத் தீர்மானித்தார். பட்டறையில் அவருக்குக் கடைசி நாள். அன்றுதான் அவருடைய வலக்கை எந்திரத்தில் அகப்பட்டது. நடுவிரலின் நுனியும் மோதிர விரலின் நுனியும் போய்விட்டன. அவரோ இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆகையால் கிதாரின் தந்திகளை அழுத்தவேண்டிய கை அந்த வலக்கைதான். இனி வாசிப்பதற்கில்லை என்றார்கள் வைத்தியர்கள்.

மனம் ஒடிந்து கிடந்த பையனிடம் பட்டறையின் மேற்பார்வையாளர் வந்தார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறவர் அல்லர் அவர். ஓர் இசைத்தட்டைக் கேட்கும்படி செய்தார். கிதார் மிக வேகமாகவும் மிக இனிமையாகவும் பேசியது. வாசிக்கிறவர் யார் தெரியுமா என்று கேட்டு, பிறகுதான் கதையைச் சொன்னார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கலைஞர். ஊர் ஊராக வண்டியில் வாழும் ரோமா இனத்தவர். 1928இல் அவர் குடியிருந்த வண்டியில் தீப்பிடித்து இடக்கை வெந்தது. இரண்டு விரல்கள் மடங்கிப் பயனற்றுப் போயின. எஞ்சிய விரல்களைக் கொண்டு புதிதாக ஒரு வாசிப்பு முறையையே உண்டாக்கிக்கொண்டு, ஐரோப்பாவின் முதன்மையான ஜாஸ் கலைஞர்களுள் ஒருவர் ஆனார்.

அயோமி எழுந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிகளுக்குக் குப்பிகள் செய்தார்; அவற்றின்மேல் தோல் துண்டை ஒட்டினார். கடினமான தந்திகளை நீக்கி மெல்லிய தந்திகளைக் கட்டினார். பிற்காலத்தில் சுருதியையே தாழ்த்திக்கொண்டார். விரலுக்கு நோகாதிருக்கச் செய்த உபாயம் அது. ஆனால் அதிலிருந்து கனத்த, இருண்ட ஒரு நாதம் பிறந்தது. 1970 பிப்ரவரியில் அவருடைய குழுவான பிளாக் ஸாபத்தின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஹெவி மெட்டல் என்று உலகம் வழங்கும் இசைக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள் பலர்.

ஆக, மெட்டல் பிறந்த வீட்டில் ஜாஸ் மருத்துவச்சியாக வந்து நின்றது என்று சொல்லலாம். ஆனால் மருத்துவச்சி தாய் ஆகமாட்டாள். அயோமி அந்தத் தட்டிலிருந்து ஸ்வரங்களையா கற்றார்? முடியும் என்பதை மட்டுமே கற்றார். அப்படியானால் இந்த இரண்டு இசைகளுக்கும், இவற்றுக்கு நடுவில் நிற்கும் புரோகிரஸிவ் ராக் என்ற இசைக்கும், உண்மையான உறவுதான் என்ன? இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெயர்கள் சிலருக்குப் புதியனவாக இருக்கலாம். ஜாஸ் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தெற்கே, நியூ ஆர்லியன்ஸ் பகுதியில், கறுப்பின மக்களிடையே உருவான இசை. ஒரு மெட்டை எல்லாரும் சேர்ந்து வாசித்துவிட்டு, அதன் அடித்தளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தம் கற்பனையில் தோன்றியதை அந்த நிமிஷத்திலேயே படைத்து வாசிப்பார்கள். நம் கச்சேரி ரசிகர்களுக்கு நிரவல், கல்பனாஸ்வரம் என்றால் விளங்கிவிடும். மனோதர்மம் என்ற அழகிய சொல் நம்மிடம் இருக்கிறது. ஜாஸின் உயிர் அதுதான். ராக் என்பது 1950களில், அதே கறுப்பின மக்களின் புளூஸ் முதலிய இசைகளிலிருந்து கிளைத்து, மின்சாரக் கிதாரோடு வளர்ந்தது. 1960களின் இறுதியில் ஆங்கிலேய இளைஞர்கள் சிலர், மூன்று நிமிஷப் பாட்டோடு நில்லாமல், இருபது நிமிஷம் நீளும் உருப்படிகளைத் தாளம் மாற்றி, நடை மாற்றி அமைக்கத் தொடங்கினார்கள். அதற்குப் புரோகிரஸிவ் ராக் என்று பெயர் வந்தது.

இந்த இசைக்கு ஜாஸோடு உள்ள உறவு கணக்கில்தான் இருக்கிறது என்பது பலருடைய எண்ணம். சாதாரண ராக் நான்கு நான்காக நடக்கும். இவர்கள் ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று எண்ணுகிறார்கள். ஆகவே ஜாஸிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டுகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். இசைத்தட்டைப் போட்டுவிட்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். ஏழு விழுந்தால் எனக்கு ஒரு திருப்தி. பதினொன்று விழுந்தால் சொல்லவே வேண்டாம். தாளம் போடுகிற சாக்கில் பாட்டைக் கோட்டைவிட்ட ரசிகர்களை நம் சபாக்களிலும் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

உண்மை என்னவென்றால், ஜாஸே தன் முதல் அரை நூற்றாண்டைப் பெரும்பாலும் நான்கிலேயே கழித்தது. லூயி ஆம்ஸ்ட்ராங்கும் டியூக் எலிங்டனும் சார்லி பார்க்கரும் செய்த சாதனைகளில் மிகப் பெரும்பகுதி நான்குக்குள் அடங்கியது. 1958இல் டேவ் புரூபெக் என்ற பியானோ கலைஞர் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் தம் குழுவோடு நீண்ட பயணம் புறப்பட்டார். நம் நாட்டுக்கும் இலங்கைக்கும்கூட வந்தார். வழியில் இஸ்தான்புல் நகரத்துத் தெருவில் இசைவாணர்கள் ஒன்பதை இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரித்து வாசிப்பதைக் கேட்டார். அந்த நடையில் அவர் அமைத்த உருப்படியும், அவருடைய குழுவினரான பால் டெஸ்மண்ட் ஐந்தில் அமைத்த உருப்படியும் 1959இல் வெளிவந்த ‘டைம் அவுட்’ என்ற தட்டில் இடம் பெற்றன. ஜாஸ் ரசிகர் அல்லாதவர்கள்கூட அதை லட்சக்கணக்கில் வாங்கினார்கள். துருக்கித் தெருவிலிருந்து வந்த கணக்கு அது.

அதற்குப் பின் நடந்தது இன்னும் வேடிக்கை. கீத் எமர்ஸன் என்ற ஆங்கிலேய இளைஞர், பிற்காலத்தில் புரோகிரஸிவ் ராக்கின் தூண்களுள் ஒருவர் ஆனவர், நைஸ் என்ற குழுவில் இருந்தபோது அதே ஒன்பதடி உருப்படியை எடுத்துக்கொண்டார். 1967இல் அவர்கள் பதிவு செய்தபோது ஒன்பதை நான்காக்கிவிட்டார்கள்! ஜாஸிடமிருந்து பண்டத்தை வாங்கினார்கள். கணக்கை மட்டும் கடைவாசலிலேயே விட்டுவிட்டார்கள். பின்னால் ஐந்தும் ஏழும் இந்த இசையில் பெருகியது உண்மை. ஆனால் அதற்கு ஸ்ட்ராவின்ஸ்கியும் பார்ட்டோக்கும் ஜாஸுக்குக் குறையாத காரணம். ஆகவே எண்ணிக்கையை வைத்து உறவு தேடுவது, மூக்கும் முழியும் பார்க்காமல் சட்டையின் நிறத்தைப் பார்த்து உறவு சொல்வதைப் போன்றது.

உறவு வேறோர் இடத்தில் இருக்கிறது. டிரம் வாசிப்பவரின் இரண்டு கைகளுக்கு நடுவில் இருக்கிறது.

ராக் இசையில் டிரம் வாசிப்பவர் செய்வதைக் கவனித்துப் பாருங்கள். நான்கடியில் இரண்டாவதையும் நான்காவதையும் பக்கத்து டிரம்மில் ஓங்கி அடிப்பார். காலால் பெரிய டிரம்மை மிதிப்பார். கேட்பவரின் உடம்பை ஆட்டுவது அந்த அடி. அது மாறக் கூடாது. மாறினால் ஆட்டம் கலைந்துவிடும். ஜாஸிலோ காலம் டிரம்மில் இல்லை. வெண்கலத் தட்டில் இருக்கிறது. வலக்கை அந்தத் தட்டில் மெல்லக் காலத்தை நூற்றுக்கொண்டே போகும். அதனால் இடக்கையும் காலும் விடுதலை பெறுகின்றன. ஸாக்ஸபோன் ஒன்று சொன்னால் அதற்கு மறுமொழி சொல்லலாம், கேள்வி கேட்கலாம், சும்மாவும் இருக்கலாம். அவர் காலத்தைக் காக்கிற காவலாளி மட்டும் அல்லர், சம்பாஷணையில் கலந்துகொள்கிறவர். நம் மிருதங்க வித்வான் பாட்டைக் கேட்டு, அணைத்து, இடம் விட்டு வாசிப்பதைப் போன்றது அது.

பிளாக் ஸாபத்தில் டிரம் வாசித்த பில் வார்ட், ஜாஸ் கலைஞர்களான ஜீன் குருபாவையும் பட்டி ரிச்சையும் தம் முன்மாதிரிகளாகச் சொன்னவர். அந்தக் குழுவின் ஆரம்பத் தட்டுகளைக் கேட்டால், கிதார் பாறையை உருட்டுகிறது. அடியில் டிரம் ஊஞ்சல் ஆடுகிறது. பின்வந்த மெட்டல் குழுக்கள் பாறையை எடுத்துக்கொண்டன. ஊஞ்சலைப் பலர் கவனிக்கவே இல்லை.

இனி 1969ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஓர் ஆண்டு நம் விஷயத்துக்கு மிகவும் முக்கியமானது. பிப்ரவரியில் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் மின்சார வாத்தியங்களை வைத்துக்கொண்டு ‘இன் எ ஸைலண்ட் வே’ என்ற தட்டைப் பதிவு செய்தார். மே மாதம், அவருடைய டிரம் கலைஞரான டோனி வில்லியம்ஸ் தம் சொந்தக் குழுவான லைஃப்டைமைக் கொண்டு ‘எமர்ஜென்ஸி’ என்ற தட்டைப் பதிவு செய்தார். ஆகஸ்டில் மைல்ஸின் ‘பிச்சஸ் புரூ’ பதிவாயிற்று. அக்டோபரில் லண்டனில் கிங் கிரிம்ஸன் என்ற குழுவின் முதல் தட்டு வெளிவந்தது. அதன் முதல் பாட்டில், இன்றைய மெட்டல் குழுவும் பொறாமைப்படக்கூடிய கனத்த முழக்கம் ஒன்று முதலில் வருகிறது. உடனே ஸாக்ஸபோனும் கிதாரும் டிரம்மும் ஜாஸ் வேகத்தில் ஓடி, எல்லாம் ஒரே கணத்தில் நின்று, ஒரே கணத்தில் எழுகின்றன. ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்தார் என்று சொல்ல இந்த எட்டு மாதங்களில் இடம் இல்லை. ஒரே பருவத்தில் இரு கரைகளிலும் பூத்த பூக்கள் இவை.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மைல்ஸ் டேவிஸின் அந்தத் தட்டுகள் அப்படியே வாசித்தவை அல்ல. டியோ மஸேரோ என்ற தயாரிப்பாளர் ஒலிநாடாவைக் கத்தரித்து, முன்னதைப் பின்னால் ஒட்டி, வாசித்த பகுதியையே மறுபடியும் வைத்து ஓர் அமைப்பை உண்டாக்கினார். அந்த நிமிஷத்தில் பிறந்து மறைய வேண்டிய ஜாஸ், எழுதி அமைத்த இசையின் பக்கமாக நடந்துகொண்டிருந்தது. நாடாவில் வெட்டி ஒட்டியே வளர்ந்த ராக்கோ, மேடையில் மனோதர்மத்தின் பக்கமாக நடந்துகொண்டிருந்தது. ஆற்றின் நடுவே இரண்டு ஓடங்களும் ஒன்றையொன்று கடந்து போயின. உறவு என்று நான் சொல்வது அந்தக் கடந்துபோன கணத்தைத்தான்.

டோனி வில்லியம்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. பதினேழாம் வயதில் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்து, ஜாஸ் டிரம் வாசிப்பின் இலக்கணத்தையே மாற்றிய கறுப்பின மேதை. அவருக்குச் சத்தமாக வாசிக்க ஆசை வந்தது. குழுவை விட்டு வெளியே வந்து, ஜான் மக்லாக்ளின் என்ற ஆங்கிலேயக் கிதார் கலைஞரையும் லாரி யங் என்ற ஆர்கன் கலைஞரையும் சேர்த்துக்கொண்டு காது கிழிய வாசித்தார். ஜாஸ் அன்பர்களில் பலர் முகம் சுளித்தார்கள். ராக் ரசிகர்களோ பெருந்திரளாக வந்துவிடவில்லை. அந்தக் குழு வியாபாரத்தில் தேறவில்லை. அதே வழியில் பின்னால் நடந்தவர்கள் பலர் பெரிய அரங்குகளை நிரப்பினார்கள். புரோகிரஸிவ் ராக்கின் சரித்திரம் எழுதுகிறவர்களில் பலர் லண்டன் இளைஞர்களிடமிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். வில்லியம்ஸை ஓர் அடிக்குறிப்பில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இங்கிலாந்தில் இந்த உறவு கொஞ்சகாலம் மிக நெருக்கமாகவே இருந்தது. கீத் டிப்பெட் என்ற ஜாஸ் பியானோ கலைஞர் கிங் கிரிம்ஸனின் மூன்று தட்டுகளில் வாசித்தார். குழுவில் சேரும்படி அழைத்தபோது மறுத்துவிட்டார். அவர் ஐம்பது பேரைத் திரட்டி ‘ஸெண்டிபீட்’, அதாவது பூரான், என்ற பெயரில் ஒரு பெருங்குழு அமைத்தபோது, அதன் தட்டைத் தயாரித்துக் கொடுத்தவர் கிங் கிரிம்ஸனின் ராபர்ட் ஃபிரிப். டிப்பெட்டின் குழுவில் இருந்த எல்ட்டன் டீன் என்ற ஸாக்ஸபோன் கலைஞர் ஸாஃப்ட் மெஷின் என்ற ராக் குழுவில் சேர்ந்தார். 1970 ஆகஸ்டில் அந்தக் குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் புரொமனேட் கச்சேரி வரிசையில் வாசித்தது. தங்கள் முறை வருவதற்குமுன் டிரம் கலைஞர் ராபர்ட் வையட் புகை பிடிக்க வெளியே போனாராம். திரும்பி வந்தபோது காவலாளி உள்ளே விடவில்லை. நான் இங்கே வாசிக்க வந்தவன் என்றதற்கு, இங்கே நல்ல சங்கீதம் மட்டும்தான் நடக்கும் என்று பதில் வந்ததாம். வையட் தாமே பிற்காலத்தில் சொன்ன செய்தி இது. மேடையிலிருந்த விவாதம் வாசற்படியிலும் இருந்திருக்கிறது!

இப்பொழுது என் மனத்துக்கு மிகவும் பிடித்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பில் புரூபோர்ட் என்பது அவர் பெயர். 1949இல் கெண்ட் மாவட்டத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது தொலைக்காட்சியில் அமெரிக்க ஜாஸ் டிரம் கலைஞர்களைப் பார்ப்பார். தமக்கை பரிசளித்த கம்பித் தூரிகைகளால் இசைத்தட்டு உறையின்மேல் தட்டிப் பழகுவார். 1968இல் யெஸ் என்ற குழுவில் சேர்ந்தார். 1972இல் அக்குழு ‘குளோஸ் டு தி எட்ஜ்’ என்ற தட்டைப் பதிவு செய்தது. துண்டு துண்டாக வாசித்து, நாடாவை ஒட்டி ஒட்டிப் பல வாரங்கள் பாடுபட்டுக் கட்டிய மாளிகை அது. புகழும் பணமும் வாசலில் வந்து நிற்கிற வேளை. தட்டு வெளிவருவதற்கு முன்பே புரூபோர்ட் குழுவை விட்டுக் கிங் கிரிம்ஸனுக்குப் போய்விட்டார். இரவுக்கு இரவு மேடையில் புதிதாகப் படைத்து வாசிக்கும் குழு அது. கட்டிய மாளிகையில் குடியிருப்பதைவிட மழையில் நனைவது அவருக்குப் பிடித்திருந்தது.

அங்கே ஜேமி மியூர் என்ற இன்னொரு தாளவாத்தியக் கலைஞர் இருந்தார். முன்னேற்பாடே இல்லாமல் வாசிக்கும் லண்டன் கலைஞர் வட்டத்திலிருந்து வந்தவர். வாத்தியக்காரனுக்காக இசை இருக்கவில்லை, இசைக்காக வாத்தியக்காரன் இருக்கிறான் என்ற பாடத்தை இளைஞர் புரூபோர்ட் அவரிடம் கற்றார். சுகமாகக் கற்ற பாடம் அல்ல. கொஞ்சம் சுடச்சுடவே கிடைத்ததாம். சில மாதங்களில் மியூர் இசையை விட்டு விலகி ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்துக்குப் போய்விட்டார். பாடம் மட்டும் தங்கியது.

1973 நவம்பர் 23. ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கன்ஸர்ட்கெபவ் மண்டபம். கச்சேரியின் நடுவே டேவிட் கிராஸ் வயலினில் ஏதோ ஒன்றை மெல்ல எடுத்தார். ஜான் வெட்டன் கீழ்ஸ்தாயியில் பேஸ் கிதாரால் அதைத் தாங்கினார். ஃபிரிப், புல்லாங்குழல் போல ஒலிக்கும் மெல்லோட்ரான் என்ற வாத்தியத்தை எடுத்துக்கொண்டார். எழுதியதோ ஒத்திகை பார்த்ததோ இல்லை. புரூபோர்ட் இரண்டு கோல்களையும் கையில் எடுத்தார். எப்பொழுது நுழையலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இசை வளர்ந்தது, தாழ்ந்தது, மறுபடியும் மலர்ந்தது. அவர் கோல்களை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டார். கடைசிவரை ஓர் அடிகூட அடிக்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீண்டு அந்த இசை தானாக ஓய்ந்தது.

1974இல் ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ என்ற தட்டில் அது ‘டிரியோ’ என்ற பெயரோடு வெளிவந்தது. மூவர் இசை என்பது அதன் பொருள். ஆனால் இயற்றியவர் பெயர்களில் நான்காவதாகப் புரூபோர்ட்டின் பெயரும் இருந்தது. வாசிக்காமல் இருந்ததே அவருடைய பங்கு என்று மற்ற மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

நான் செய்த தவற்றை இப்பொழுது சொல்லிவிடுகிறேன். அந்தத் தட்டில் பெரும்பகுதி மேடையில் பதிவானது. ஆனால் ரசிகர்களின் கைதட்டலை நீக்கிவிட்டார்கள். கேட்பவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தது என்றே நினைப்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே நினைத்திருந்தேன். நண்பர்கள் சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு, ‘பாருங்கள், எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள்! இந்த இடத்தில் டிரம் வேண்டாம் என்று முன்கூட்டியே திட்டமிட்ட அறிவைப் பாருங்கள்’ என்று வியாக்கியானம் செய்திருக்கிறேன். திட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை என்று பின்னாளில் தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கம் அடங்கிய பிறகு மறுபடியும் தட்டைப் போட்டுக் கேட்டேன். அன்றுதான் முதல்முறையாக அந்தக் கோல்களைக் கேட்டேன். ஏழும் பதினொன்றும் எண்ணி நான் தேடிய ஜாஸ் அங்கே, ஓர் அடிகூட விழாத இடத்தில், உட்கார்ந்திருந்தது.

எழுதி அமைத்த இசை தாழ்ந்தது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கீர்த்தனையைப் போற்றும் நாம் அப்படிச் சொல்ல முடியுமா? டியூக் எலிங்டன்கூடத் தம் குழுவினர் ஒவ்வொருவரையும் மனத்தில் வைத்து எழுதி எழுதி அமைத்தவர்தான். ஆனால் 1970களில் பெரும் புகழ் பெற்ற குழுக்கள் பல, இருபது நிமிஷ உருப்படியை நாற்பது ஊர்களில் தட்டில் இருந்தபடியே ஒப்பிக்கத் தொடங்கின. தட்டில் இருப்பது போலவே இருந்தது என்பது ரசிகர்களிடையே பாராட்டாகவும் ஆயிற்று. ஜாஸ் ரசிகருக்கு அது பாராட்டு ஆகாது.

டோனி வில்லியம்ஸிடம் வாசித்தார் என்று சொன்னேனே, ஜான் மக்லாக்ளின், அவர் 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவை அமைத்தார். டிரம் வாசித்தவர் பனாமாவில் பிறந்த பில்லி காபம். ராக் குழுக்களையும் மிஞ்சும் சத்தம். ஜாஸ் கலைஞர்களின் விரல் வேகம். விரிந்து சுருங்கும் தாளங்கள். ராக் ரசிகர்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் அந்தப் பெருஞ்சத்தத்தின் உச்சியிலிருந்து மக்லாக்ளின் எங்கே இறங்கி வந்தார் தெரியுமா? நம் வீட்டு வாசலுக்கு. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, நம் விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு 1970களின் நடுவில் சக்தி என்ற குழுவை அமைத்தார். மின்சாரம் இல்லை, மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். உலகத்தையே அதிரவைத்த ஒலிபெருக்கிகளை ஒதுக்கிவிட்டு ஒரு மண்பானைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த மனிதர்! கடத்தின் கணக்கு அவரைக் கவர்ந்தது உண்மைதான். ஆனால் கணக்குக்கு அவரிடம் பஞ்சமா? கேட்டுப் பதில் சொல்லும் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அவரைப் பிடித்து நிறுத்தியது என்று நினைக்கிறேன். பல ஆண்டுகளுக்குப் பின் அதே பெயரில் மீண்டும் கூடிய குழுவில் விநாயக்ராமின் புதல்வர் செல்வகணேஷ் வாசித்தார். 2024இல் அவர்களுடைய தட்டு ஒன்று கிராமி பரிசு பெற்றது.

மெட்டலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏதீஸ்ட், ஸினிக் என்ற இரண்டு குழுக்கள், காது பொறுக்காத வேகத்துக்கு நடுவே ஜாஸின் மெல்லிய ஸ்வரக் கூட்டங்களைப் புகுத்தின. வட ஸ்வீடனில் ஊமியோ நகரத்தில் தோன்றிய மெஷுகா என்ற குழு வேறு வழியில் போயிற்று. வெண்கலத் தட்டில் நான்கு நான்காகக் காலம் நடக்கும். கிதாரும் பெரிய டிரம்மும் ஒற்றைப்படை நீளமுள்ள ஒரு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப அதன்மேல் உருட்டும். சொற்கட்டு காலத்தை விட்டு விலகி விலகிப் போய், சுற்று நிறையும் இடத்தில் மிச்சத்தை வெட்டிக்கொண்டு சமத்துக்கு வந்து விழும். கோர்வை வைத்து முடிக்கும் மிருதங்க வித்வானைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகவே தோன்றாது. ஆனால் அதில் ஓர் அட்சரத்தைக்கூட அந்த இரவின் மனநிலைக்கு ஏற்ப மாற்ற எவருக்கும் உரிமை இல்லை. எல்லாம் முன்பே தீர்ந்த கணக்கு. அப்படியானால் ஜாஸ் அங்கே இல்லையா? இருக்கிறது. அந்த இயந்திரத்தின்மேல் திடீரென்று ஒரு கிதார் தனியாக எழுந்து வழுக்கிக்கொண்டு போகும். அதைக் கேட்கும்போது இன்னொருவரின் நினைவு வரும். ஃபிரெட்ரிக் தோர்டெண்டால் என்ற அந்தக் கிதார் கலைஞரும் யாரைக் கேட்டு வளர்ந்தேன் என்பதை மறைத்ததில்லை.

அந்த இன்னொருவர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த். 1946இல் பிராட்ஃபோர்ட் நகரத்தில் பிறந்தார். அவரை வளர்த்த தாய்வழித் தாத்தா பியானோ கலைஞர். வீட்டில் ஜாஸ் தட்டுகள். பையனுக்கு ஊதுவாத்தியத்தின்மேல்தான் ஆசை. கையில் வந்து சேர்ந்ததோ கிதார். கிதாரைச் ஸாக்ஸபோன் போல மூச்சு விடச் செய்யவேண்டும் என்று ஆயுள் முழுதும் பாடுபட்டார். ஒவ்வொரு ஸ்வரத்தையும் மீட்டாமல், இடக்கை விரல்களாலேயே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒழுகச் செய்தார். ஸாஃப்ட் மெஷினில் வாசித்தார், டோனி வில்லியம்ஸின் புதிய குழுவில் வாசித்தார், புரூபோர்ட்டோடு வாசித்தார். இன்று நான் பேசிய பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கோடு போட்டால், கோடுகளில் பல அவரிடம் வந்து சேரும். ராக் உலகின் பெரும் புகழாளரான எடி வான் ஹேலன் அவரிடம் பெருமதிப்புக் கொண்டு, பெரிய கம்பெனி ஒன்றில் தட்டு வெளியிட வழி செய்து கொடுத்தார். 1983இல் அந்தத் தட்டு வெளிவந்தது. ஆயினும் ஹோல்ட்ஸ்வொர்த்துக்குப் பணம் ஒட்டவில்லை.

2017 ஏப்ரலில், கிதாரை என்றென்றைக்கும் மாற்றிய மனிதர் என்ற பொருள்படும் பெயரோடு, பன்னிரண்டு தட்டுகள் அடங்கிய அவருடைய தொகுப்பு வெளிவந்தது. அடுத்த வாரம், 15ஆம் தேதி, கலிபோர்னியாவில் அவர் காலமானார். ஈமச்சடங்குச் செலவுக்கு ரசிகர்களிடம் நிதி கேட்க வேண்டியிருந்தது. சில நாட்களுக்குள், கேட்ட தொகையைப் போலப் பலமடங்கு வந்து குவிந்தது.

நேயர்களில் யாருக்கேனும் இந்த இசையை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். நான் சொல்வது இது. 1975இல் டோனி வில்லியம்ஸின் குழு ‘பிலீவ் இட்’ என்ற தட்டைப் பதிவு செய்தது. அதில் ஹோல்ட்ஸ்வொர்த் இயற்றிய ‘ஃபிரெட்’ என்ற உருப்படி இருக்கிறது. முதல்முறை கிதாரை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை கிதாரை விட்டுவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் டிரம்மைக் கேளுங்கள். விரல் விட்டு எண்ண வேண்டாம்.